கல்கத்தா மெயிலில் வராதவன்

அந்தச் சித்திரை மாதத்தில் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் கப்பல் கடலில் தெரிகிறது என்று ஒரு பேச்சு. இன்றைக்கோ நாளைக்கோ குண்டு விழும் என்று இன்னொரு பேச்சு. வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொல்லிவிட்ட பிறகு, மயிலாப்பூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பூட்டிய கதவுகள்தான். ஒரு ஜட்கா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

இக்னேஷியஸ் தன் மனைவி கிளாடிஸையும் பிள்ளைகளையும் செங்கல்பட்டில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பி வந்தார். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆனால் குண்டுவீச்சுப் பாதுகாப்புக்கான ஏ.ஆர்.பி. வார்டன் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்ததால் அவர் ஊரைவிட்டு நகர முடியாது. வந்த கையோடு மீர்சாகிப்பேட்டைக்கு நடந்தார். அங்கே ஒரு சந்தில், சிநேகிதன் ஷரஃபுதீனின் மனைவி ஜமீலுன்னிசா தனியாக இருந்தாள்.

"தங்கச்சி, இனிமே இங்க இருக்கிறது சரியில்ல. வாணியம்பாடியில உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க. நானே ரயில் ஏத்தி விடுறேன்."

"இன்னா அண்ணே, நீங்களும் இப்படிச் சொல்றீங்க? அவுங்க ரங்கூன்லேர்ந்து வந்தா எந்தக் கதவைத் தட்டுவாங்க? இந்தக் கதவைத்தானே? பூட்டு தொங்குனா திரும்பிப் போயிடுவாங்களே."

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அங்கிருந்த நம் ஜனங்கள் காட்டு வழியாக அஸ்ஸாம் பக்கம் நடந்து வருகிறார்கள் என்றும், வழியெல்லாம் காலராவிலும் பட்டினியிலும் சாகிறார்கள் என்றும் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஷரஃபுதீனிடமிருந்து மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

ஷரஃபுதீனும் இக்னேஷியஸும் சேர்ந்து படித்தவர்கள். முதல் யுத்தத்தின்போது பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் நடத்திய சிக்னல் பள்ளியில், மீசை முளைத்தும் முளைக்காத வயதில் போய்ச் சேர்ந்த கூட்டம் அது. விடியற்காலையில் கொடி அசைத்துப் பழகுவார்கள். பிறகு பகல் முழுக்கத் தந்திக் கட்டையைத் தட்டுவார்கள். டிரில்லில் ஷரஃபுதீனுக்கு இடதுகால் எது வலதுகால் எது என்றே தெரியாது. அவனால் வரிசை முழுவதும் தண்டனை ஓட்டம் ஓடும். ஆனால் தந்திக் கட்டையில் அவன் விரல் வைத்தால் வாத்தியாரே எழுதுகிற பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்பார். பிறகு பட்டாளத்தோடு போய்ப் பாஸ்ராவில் முகாம் போட்டிருந்தபோது இக்னேஷியஸுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. கூடாரத்தில் மற்றவர்கள் எல்லாம் விலகிப் படுத்தார்கள். ஷரஃபுதீன் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு, கஞ்சியை ஊட்டி, வாயில் வந்த கெட்ட பாட்டையெல்லாம் பாடி அவரைப் பிழைக்க வைத்தான்.

யுத்தம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஷரஃபுதீன் பர்மா ரயில்வேயில் தந்தி வேலைக்குப் போனான். அதே கூட்டத்துக் கணேசமூர்த்தி கல்கத்தா தந்தி ஆபீசில் சேர்ந்தான். மந்தைவெளிக்காரன் ரகுபதிக்குச் சென்னைத் தந்தி ஆபீசிலேயே வேலை கிடைத்தது. ஆனாலும் வருஷம் தவறாமல் ஜனவரியில் முதல் ஞாயிற்றுக்கிழமை இக்னேஷியஸ் வீட்டில் சாப்பாடு. வர முடிந்தவர்கள் வருவார்கள். வராதவர்கள் தந்தி அடிப்பார்கள். கல்யாணம், சாவு, பிள்ளைக்கு வேலை என்று எதுவானாலும் அந்தக் கூட்டத்துக்குள் சேதி போய்விடும். இருபது வருஷத்துக்கு மேலாக அது விட்டுப்போனதில்லை. ரங்கூன் தண்ணீர் ஜமீலுன்னிசாவுக்கு ஒத்துக்கொள்ளாததால் அவள் மீர்சாகிப்பேட்டையிலேயே இருந்தாள். புருஷன் இல்லாத நாளில் வீட்டுக்குக் கூரை மாற்றுவதிலிருந்து வைத்தியரைக் கூட்டிவருவதுவரை இவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மீர்சாகிப்பேட்டையிலிருந்து இக்னேஷியஸ் நேராக மந்தைவெளிக்குப் போனார். ரகுபதி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தான்.

"கணேசமூர்த்திகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியுமாடா?"

"கேட்டாச்சு. கல்கத்தா லைன்ல அவன் உக்காந்தா எனக்குத் தெரியும். அவன் தட்டுற தட்டே தனி. மிலிட்டரிக்காரன் பின்னாலயே நிக்கிறான், இருந்தாலும் நடுவுல ரெண்டு வார்த்தை நுழைச்சுட்டேன். அஸ்ஸாம்லேர்ந்து வர்ற ரயிலெல்லாம் சீல்தா ஸ்டேஷன்லதான் நிக்குது. டியூட்டி முடிஞ்சதும் தினமும் அங்க போய் ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு கீறானாம்."

இக்னேஷியஸுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் அது நெடுநாள் நிற்கவில்லை. சித்திரை போய் வைகாசி பிறந்தது. சீல்தாவிலிருந்து வந்ததெல்லாம் 'இன்னும் இல்லை' என்ற ஒரே பதில். அஸ்ஸாம் மலைகளில் மழை பிடித்துக்கொண்டது, இனி நடந்து வருகிறவர்கள் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். ஒருநாள் வார்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஜமீலுன்னிசாவின் வாசலில் நின்று இக்னேஷியஸ் சொல்லிவிட்டார்.

"எதுக்கும் மனசைத் தேத்தி வச்சுக்கங்க தங்கச்சி. இத்தனை நாள் ஆகியும் வரலைன்னா..."

அவள் அழவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி அண்ணே" என்றாள். அந்த 'சரி' இக்னேஷியஸை ராத்திரி தூங்கவிடவில்லை.

நாலைந்து நாள் கழித்து, உச்சி வெயிலில், சாந்தோம் வார்டன் கொட்டகையில் மணல் மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் ஒன்று சுவரில் மோதி விழுந்தது. ரகுபதி எழுந்து வந்தான். முழங்காலில் ரத்தம்.

"கெடைச்சுட்டான்டா!"

"யாரு?"

"யாரா? ஷரஃபு! சீல்தாவுல படுத்துக் கெடந்தவனை கணேசமூர்த்தி கண்டுபிடிச்சு நேத்து மெயில்ல ஏத்தி வுட்டுட்டானாம். 'கிடைத்தான், ரொம்ப பலவீனம், மெயில்' அவ்ளோதான் வந்துச்சு. அதுக்குள்ள லைனை மிலிட்டரி புடிச்சுக்கிச்சு. நாளைக்குக் காலையில சென்ட்ரல்ல எறங்குவான். வா, தங்கச்சிகிட்ட ஓடிப்போய் சொல்லலாம்."

இக்னேஷியஸ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பங்குனியில் இப்படித்தான், ஷரஃபுதீனைக் கப்பலில் பார்த்தேன் என்று ஒருவன் வந்து சொல்லி, அவள் வீட்டுக்கு வெள்ளையடித்துக் காத்திருந்தாள். அது வேறு யாரோ.

"கண்ணால பாக்காம சொல்ல வேணாம்டா. பலவீனம்னு வேற சொல்றான். வழியில ஒண்ணு ஆயிட்டா? நாளைக்கு நாமளே கூட்டிக்கிட்டுப் போய் நிறுத்துவோம்."

ரகுபதிக்கு மனசில்லை. ஆனாலும் தலையாட்டினான்.

மறுநாள் மெயில் நான்கு மணி நேரம் தாமதமாக வந்தது. ஸ்டேஷனில் ஊரைவிட்டுப் போகிற கூட்டம் ஒரு பக்கம், பட்டாளத்துக்காரர்களின் பெட்டி படுக்கை ஒரு பக்கம். இரண்டு பேரும் ரயிலின் இரண்டு முனையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே பதில். மறுபடி பார்த்தார்கள். கதவிடுக்கு, பெஞ்சுக்கு அடி, கழிப்பறை எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மூன்றாம் வகுப்பில், பர்மாவிலிருந்து குழந்தையோடு வந்த ஒரு நாட்டுக்கோட்டைப் பக்கத்துக் கணக்கப்பிள்ளையை இக்னேஷியஸ் கேட்டார்.

"தாடி வச்ச பாயா? எலும்பும் தோலுமா?" அவர் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அப்படி ரெண்டு மூணு பேர் வந்தாங்க. கூடூர்ல ஒருத்தரை எறக்குனாங்க. மூச்சு நின்னு போச்சுங்க. பேரு யாருக்குந் தெரியலை."

ரகுபதி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு பேரும் டிராம் பிடித்துத் திரும்பினார்கள். ராயப்பேட்டையில் இறங்கினார்கள். இக்னேஷியஸின் கால்கள் மீர்சாகிப்பேட்டைப் பக்கம் திரும்ப மறுத்தன. எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? பாஸ்ராவில் தன் நெற்றியில் ஈரத்துணி போட்ட கையை, பேர் தெரியாத பிணமாகக் கூடூரில் யாரோ தூக்கிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தபடியே நடந்தார்.

சந்து முனையில் திரும்பியதும் அவர் நின்றுவிட்டார். ஜமீலுன்னிசாவின் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. படியில் ஒரு டிரங்குப் பெட்டியும் கட்டிய படுக்கையும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு கைரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரன் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்குக் கெளம்பிட்டாங்க போலகீதுடா" என்றான் ரகுபதி.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. கரகரத்து, உடைந்து, பாதி மூச்சாக வந்த குரல். ஆனால் அது பாடிக்கொண்டிருந்தது, பெண்கள் எதிரில் பாடக்கூடாத ஒரு பட்டாளத்துப் பாட்டை.

இக்னேஷியஸ் படுக்கையில் இடறி, கதவில் தோளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் ஷரஃபுதீன். மொட்டை அடித்த தலை. காதுக்குக் கீழே தாடி மட்டும் இருந்தது, கன்னம் இல்லை. பாதங்களில் துணி சுற்றியிருந்தது. கையில் கஞ்சிக் கிண்ணம் ஆடிக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான்.

"லேட்டாதான் வருவீங்களேடா, ரெண்டு பேரும். எங்கடா போய்த் தொலைஞ்சீங்க?"

"உன்னைத் தேடித்தான்டா பாவி, சென்ட்ரல்ல!" என்று ரகுபதி கத்தினான். கத்திக்கொண்டே அவன் காலடியில் விழுந்து அந்தத் துணி சுற்றிய பாதங்களைப் பிடித்துக்கொண்டான். "கூடூர்ல செத்துட்டேன்னு சொன்னானுங்கடா."

"அது எதிர் பெஞ்சுக்காரர்" என்றான் ஷரஃபுதீன். அவன் முகம் மாறியது. "மோல்மீன்ல தையக்கடை வச்சிருந்தாராம். பேர் கேட்டேன். சொல்றதுக்குள்ள..."

இக்னேஷியஸ் சிலுவை போட்டுக்கொண்டார். எங்கோ ஒரு வீட்டில் இன்னொருத்தி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பாள். அந்த நினைப்பு ஒரு கணம் வந்து போனது. மறுகணமே ஷரஃபுதீனின் எலும்புத் தோளைத் தன் கை பற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. தோள் சூடாக இருந்தது. உயிருள்ள சூடு. அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.

சென்ட்ரலுக்கு முந்தின ஸ்டேஷனான பேசின் பிரிட்ஜில் மெயிலை நெடுநேரம் நிறுத்திவைத்தார்களாம். சென்ட்ரல் கூட்டத்தில் இவன் நசுங்கிப்போவான் என்று பயந்த ரயில் கார்டு அங்கேயே இறக்கி, ஒரு கைரிக்‌ஷாவில் உட்கார வைத்து அனுப்பிவிட்டானாம்.

அடுப்படியிலிருந்து ஜமீலுன்னிசா வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வாசல்ல பெட்டி எதுக்கு தங்கச்சி?" என்று இக்னேஷியஸ் கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார்.

"நீங்கதான் மனசைத் தேத்திக்கச் சொன்னீங்களே அண்ணே. நாலு நாள் யோசிச்சேன். சரி, அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்னு காலையிலேயே பெட்டி கட்டிட்டேன். ஜட்காவுக்குச் சொல்லி அனுப்புனா அவன் வரவேயில்லை. வெயில் ஏறிப்போச்சு. சரி, ஒரு கூலியாளைப் புடிச்சு நடந்தே போகலாம்னு கதவைச் சாத்திப் பூட்டைக் கையில எடுக்குறேன், ரிக்‌ஷா வந்து நிக்குது. யாரோ பிச்சைக்காரர்னு நெனச்சேன். 'ஜமீலா, எங்க கெளம்பிட்டே?'ங்கிறாங்க."

இக்னேஷியஸ் வாசலில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். நேற்றே சேதி தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது அவர்தான். அந்த ஜட்கா சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால்?

"தங்கச்சி, எனக்கு நேத்தே தெரியும். கல்கத்தாவுலேர்ந்து சேதி வந்துச்சு. வெறுங்கையோட வந்து நிக்கக் கூடாதுன்னு மறைச்சுட்டேன். சொல்லியிருந்தா நீங்க பெட்டியே கட்டியிருக்க மாட்டீங்க."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"நேத்தே சொல்லியிருந்தா நானும் சென்ட்ரலுக்கு வந்திருப்பேன். உங்களோட நின்னு, கூடூர் சேதியைக் கேட்டு, அங்கேயே செத்திருப்பேன். போங்கண்ணே. உக்காருங்க, கஞ்சி கீது."

"அவனை ஒண்ணும் சொல்லாதே ஜமீலா" என்றான் ஷரஃபுதீன். "அவன் டிரில் மாஸ்டர். எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் அடுத்த கால் வைப்பான். நான் பாரு, எந்தக் கால்னு தெரியாமலேயே ரங்கூன்லேர்ந்து நடந்து வந்துட்டேன்."

ரகுபதி விழுந்து விழுந்து சிரித்தான். ஷரஃபுதீனுக்குச் சிரிக்கத் தெம்பில்லை, இருமல்தான் வந்தது. ஜமீலுன்னிசா ஓடிவந்து அவன் முதுகைத் தடவினாள்.

சாயங்கால டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று ரகுபதி எழுந்தான். சீல்தாவில் தினமும் முகம் பார்த்துக் கிடந்தவனுக்கு முதலில் சேதி போக வேண்டும். "மிலிட்டரிக்காரன் என்னைச் சுட்டாலும் சரி, இன்னிக்கு முழுசா ரெண்டு வரி அடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி சந்தில் ஓடினான்.

இக்னேஷியஸ் வாசலுக்கு வந்தார். ரிக்‌ஷாக்காரன் போய்விட்டிருந்தான். சந்தில் வெயில் தாழ்ந்து, கடற்காற்று மெதுவாகத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். நல்ல கனம். ஆனாலும் அன்று அது சுமையாகவே தெரியவில்லை.

"எங்க வைக்கட்டும் தங்கச்சி?"

"கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க அண்ணே" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நல்லா உள்ள தள்ளுங்க."