மூன்று சலாம்

அப்னாவுக்கு வாய் சும்மா இருக்காது. பதினொரு வயதுக்குள் அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே தனக்குத் தலை நரைத்துவிட்டது என்பார் வாப்பா. ஒலுவிலில் இருந்தவரை அந்தக் கேள்விகளைத் தாங்கிக்கொள்ளச் சிநேகிதிகள் இருந்தார்கள். மருதமுனைக்குக் குடிவந்த பிறகு ஒருத்திகூட இல்லை. கிடைக்கவிருந்த ஒருத்தியையும் அந்த வாய்தான் கெடுத்தது.

அந்த ஒருத்தி, பக்கத்து வளவு வீட்டில் இருந்த றாஹிலா. பிறந்ததிலிருந்தே அவளுக்கு ஒரு வருத்தம். மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். குர்ஆன் மத்ரசாவில் எல்லாப் பிள்ளைகளும் சுற்றியிருக்கும்போது அப்னா அவளிடம் கேட்டுவிட்டாள்.

"அது ஆர்ர ரெத்தம்?"

"தெரியா. ஒவ்வொரு முறையும் வேற ஆக்கள்ர."

அப்னாவுக்கு அது அதிசயமாக இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கோ சிரிப்பாக இருந்தது. அன்றைக்கே றாஹிலாவுக்கு 'இரத்தக் காட்டேரி' என்று பெயர் வைத்தாயிற்று. அப்னா சிரிக்கவில்லைதான். ஆனால் அவள் சிரிக்காததை யார் பார்த்தார்கள்? மறுநாளிலிருந்து றாஹிலா அவளோடு கதைப்பதில்லை.

லீவுக்கு வந்திருந்த பெரியும்மாவின் மகன் றிஸ்வான் காக்கா, "காட்டேரிப் படமொண்டு இரிக்கி, பாக்கிறியா?" என்று போனை நீட்டியபோது அப்னா அதைப் பறிக்காத குறை. எந்த நாட்டுப் படமோ, ஒரு சொல்லும் விளங்கவில்லை. பல்லும் இல்லை, அலறலும் இல்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு கார்னிவலில் தனியாக வாழும் காட்டேரிப் பையன், விளையாட ஆளில்லாத ஒரு சிறுமியின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். நிற்கிறான், நிற்கிறான், உள்ளே மட்டும் போகவில்லை.

"ஏன் காக்கா போறானில்ல?"

"கூப்பிட்டாத்தான் போகலாம். அது அதுகள்ர சட்டம்."

"அப்ப நம்மட ஆக்கள் மாதிரித்தான். மூணு தரம் சலாம் சொல்லிப் பாக்கிற, பதில் வராட்டித் திரும்பிப் போற."

"போ புள்ள, பேய்க்கும் சலாமா?" என்று சிரித்துவிட்டு அவன் அசர் தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான்.

அப்னா காதில் வயரை மாட்டிக்கொண்டு மீதியைப் பார்த்தாள். அந்தச் சிறுமி கதவைத் திறக்கவேயில்லை. பையன் திரும்பிப் போய், ஓடாத ராட்டினத்தில் ஏறித் தனியே உட்கார்ந்தான். அப்னாவுக்குப் பொறுக்கவில்லை, அழுதேவிட்டாள். கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் அவளுக்கு? இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரியா?

படம் முடிந்து வயரைக் கழற்றியதும் உம்மா கேட்டார்.

"றாஹிலா என்னத்துக்கு வந்தாள் மகள்?"

"எப்ப?"

"இப்பதான். கேற்றடியில நிண்டு மூணு தரம் சலாம் சொன்னாளே. நான் தொழுகையில நிண்டன், பதில் சொல்ல ஏலா. நீ சொல்லியிருப்பாய் எண்டு நினைச்சன்."

அப்னா போனைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

றாஹிலாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அப்னா சலாம் சொன்னாள். சத்தமில்லை. இரண்டாம் தரம் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். இனித் திரும்பிப் போவதுதான் முறை. போனால் றாஹிலா இனி எந்தக் காலத்திலும் வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது சலாம் சொல்லக்கூடாது, சரி. ஆனால் சொன்ன சலாமுக்குப் பதில் சொல்வது கடமையல்லவா? அப்னா மூடிய கதவைப் பார்த்து, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாள். இன்னொரு தரம் சொன்னாள். மூன்றாவதையும் சொன்னாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது என்னத்துக்கு?"

"நீ சொன்ன மூணுக்கும். காதுக்க வயர் கிடந்திச்சு றாஹிலா, எனக்குக் கேக்கல்ல."

பிறகு கதவு பாதி திறந்தது. றாஹிலாவின் கையில், ஊசி போட்ட இடத்தில், பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஆர்ர ரெத்தமெண்டு கேட்டாயே, நீ மட்டும் சிரிக்கல்ல," என்றாள் அவள். "இண்டைக்கு நேர்ஸிட்டக் கேட்டன். அதைச் சொல்லத்தான் வந்தன்."

"ஆர்ரயாம்?"

"அவவுக்கும் தெரியாவாம்," என்று மற்றப் பாதிக் கதவையும் திறந்தாள் றாஹிலா. "உள்ளுக்கு வா."