நீக்கிய பெயர்

தங்கை, கைபேசியால் திறக்கும் கதவுப்பூட்டுக்குச் செயலி எழுதுபவள். ஒருவரின் பெயரை நீக்கினால் அவர் கைபேசியிலுள்ள சாவியும் அந்த நொடியே செத்துவிட வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா" என்றார் மேலாளர்.

அடிக்கும் கணவனை விட்டு, அந்த வீட்டிலிருந்த இதே வகைப் பூட்டையும் கழற்றிக்கொண்டு தனிவீடு வந்திருந்த அக்கா ஒரு மாலை அழைத்தாள். "பூட்டு தானா திறக்குதுடி!"

"மாமா பேர எடுத்துட்டல்ல?"

"வந்த அன்னைக்கே எடுத்துட்டேன்."

தங்கை செருப்பை மாட்டினாள். "உள்தாழ்ப்பாளப் போடு. போலீசோட வரேன்."

கதவு இருமுறை குலுங்கி ஓய்ந்தது. தங்கை போலீசோடு வந்தபோது வாசலில் யாருமில்லை. எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரியிடம், யார் வந்தது என்று அக்கா கேட்டாள்.

"யாரு, உங்க வீட்டுக்காரரா? நீங்க வேலைக்குப் போனதும் தெனமும் வந்து உள்ள இருந்துட்டுப் போவாரே!"

அக்கா தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கவே அஞ்சினாள்.