பொதுக்கணிதம் வேண்டாம்

பெரியவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘தொண்ணூத்தேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் சுலபமான பொதுக்கணிதம் எடுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாங்கியவள். பள்ளிக்கூட வாசலில் அவள் முகத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள். சலவைக்கடை வைத்திருந்த அப்பா, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

கட்டட வரைபடம் படிக்கக் கல்லூரிக்குப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. பொதுக்கணிதத்தில் நூறே வாங்கியிருந்தாலும் அங்கே செல்லாதாம்; உயர்கணிதம் படித்தவர்களுக்குத்தான் இடமாம். எந்தக் கணக்கில் மார்க் கொட்டும் என்று பார்த்தார்களே தவிர, அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று வீட்டில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. வாசலில் மாட்டிய படம் வெயிலில் வெளுத்தது. பட்டப்பெயர் மட்டும் வெளுக்கவே இல்லை.

இப்போது சின்னவளின் முறை. பத்தாம் வகுப்புக் கணக்கில் அவள் வாங்கியது ஐம்பத்து நான்கு. அறுபதுக்குக் கீழே வாங்கியவர்களைப் பள்ளிக்கூடமே பொதுக்கணிதத்தில் தள்ளிவிடும். பெற்றவர்கள் வந்து சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“நான் அதுல உக்கார மாட்டேன்,” என்றாள் சின்னவள். கடையின் பின்கட்டில், ஹோட்டலிலிருந்து வந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அம்மாவும் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். “எனக்கு வானிலை படிக்கணும். அதுக்கு உயர்கணிதம் கட்டாயம் வேணும். காலேஜுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன்.”

“மழை வருமா வராதான்னு சொல்றதுக்கு எதுக்குடி கணக்கு? நான் மூக்க வச்சே சொல்லிடுவேன்.”

“சொன்னியே போன வாரம். காயப்போட்டது அத்தனையும் மறுபடி துவைச்சோம்.”

இஸ்திரி மேசையிலிருந்து அப்பா களுக்கென்று சிரித்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும், சட்டைக் காலரில் ஏதோ பெரிய சுருக்கம் இருப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

“ஐம்பத்து நாலு வாங்கிட்டு வாயப் பாரு,” என்றாள் அம்மா. “ஃபெயிலாகி வந்து நின்னா, மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கிறது?”

“என் மூஞ்சிய நான் பாத்துக்கறேன். நீ துணிய இறுக்கிப் பிடி.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் முன்னால் நின்றால் அம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெரியவளும் தான் வேலை பார்க்கும் கைபேசிக் கடையில் சொல்லிவிட்டுக் கூட வந்தாள்.

பெரிய டீச்சர் பெரியவளைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். “வாம்மா, தொண்ணூத்தேழு! எங்க ஸ்கூல் வைரமாச்சே நீ. உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு.” அறை மூலையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த கணக்கு சாரும் தலையை ஆட்டினார்.

சின்னவள் முந்திக்கொண்டாள். “மேடம், அக்கா அவ்வளவு மார்க் வாங்கி என்ன ஆச்சு? வீட்டு வரைபடம் போடப் போறேன்னு சொன்னவ, இப்ப போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்கா. நானும் அப்படி ஆகணுமா?”

பெரியவளின் முகத்தில் யாரோ துணியைப் போட்டு மூடியதுபோல இருந்தது. அவள் தங்கையின் முழங்கையைப் பிடித்து வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

“என்னப் பத்திப் பேச என்னைக் கேட்டியாடி?”

“அக்கா, நான் உனக்காகவும்தானே…”

“எனக்காக ஒண்ணும் கிழிக்க வேணாம். ஊரே என்னைய மார்க்கச் சொல்லிக் கூப்பிட்டுச்சு, சரின்னு விட்டேன். இப்ப நீ வந்து, ‘இவளப் பாருங்க, இப்படித்தான் வீணாப் போவாங்க’ன்னு காட்டற. அந்தக் கடையில கண்ணாடி மட்டுமா ஒட்டறேன்? கடையே என் பொறுப்புல ஓடுது. நான் வீணாப் போகல. எனக்குப் புடிச்சத கேக்கத் தெரியல, அவ்வளவுதான்.”

இவ்வளவு நாளும் சின்னவள், அக்காவுக்கு நடந்ததுதான் தன் கையிலிருக்கும் பெரிய ஆயுதம் என்று நினைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டால் கையில் ஐம்பத்து நான்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அப்ப நான் என்ன சொல்றது?”

“அது உன் பாடு. எனக்கு நடந்தத சொல்லாத. உனக்கு வேணுங்கறத சொல்லு.”

திரும்பி உள்ளே வந்தபோது அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்காவப் பத்திப் பேசினது தப்பு மேடம்,” என்றாள் சின்னவள். “எனக்கு உயர்கணிதம் வேணும். அதுதான் வந்த விஷயம்.”

“வேணும்னா ஆச்சா? போன வருஷம் உன்ன மாதிரிதான் ரெண்டு பேர் அடம் புடிச்சாங்க. மொத்த ரிசல்ட்டையும் கவுத்துட்டுப் போனாங்க.” டீச்சர் கணக்கு சார் பக்கம் கையைக் காட்டினார். “சார், சும்மா ஒரு கணக்குக் கேளுங்க. அவளுக்கே புரிஞ்சுடும்.”

சார் யோசிக்கக்கூட இல்லை. “ஒருத்தன் போகும்போது மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போறான். அதே வழியா அறுபதுல திரும்பி வர்றான். சராசரி வேகம் என்ன?”

“ஐம்பது.”

“தப்பு.”

டீச்சர் அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். அம்மா எழுந்துவிட்டாள். “வாடி போலாம். இதுக்கு மேல என்ன அவமானம் வேணும்?”

சின்னவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கால் போக மறுத்தது.

“ஏன் சார் தப்பு?”

“அதான் தப்புன்னு சொல்லியாச்சே. விடும்மா.”

“தப்புன்னு தெரியுது. ஏன்னு தெரியல. அது தெரியாம நான் எப்படிப் போறது?” அவள் சுவரிலிருந்த கரும்பலகையருகே போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். ஒரு கோடு இழுத்தாள். அதன் கீழே இன்னொரு கோடு. இரண்டையும் வெறித்துப் பார்த்தபடி நின்றாள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டாலும் வருவதாயில்லை என்பதுபோல நின்றாள்.

“தூரம் ஒண்ணுதான்,” என்று முணுமுணுத்தாள் சின்னவள். “ஆனா நாற்பதுல போனப்ப நேரம் ஜாஸ்தி. ரொம்ப நேரம் மெதுவாத்தான் போயிருக்கான். அப்ப நடுவுல நிக்காது, நாற்பது பக்கமா சாயும். ஐம்பதுக்குக் கீழ வரணும்.”

“எவ்வளவு கீழ?” என்றார் சார். இப்போது பேனாவை மூடிக் கீழே வைத்திருந்தார்.

“அது இன்னும் தெரியல.”

“நாற்பத்…”

“சொல்லாதீங்க சார்!”

சத்தம் சற்று அதிகமாகவே வந்துவிட்டது. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். சார் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் துடைத்தார்.

“அரையாண்டுல ஃபெயிலானா பொதுக்கணிதத்துக்கு மாறிடுறேன்னு எழுதிக் குடு,” என்றார் டீச்சர். “அப்படின்னா யோசிக்கலாம்.”

“ஃபெயிலானா ஃபெயில்னு போட்டுக்கோங்க மேடம். ஓடிப்போயிடுறேன்னு நான் எழுதித் தர மாட்டேன்.”

“பாத்தீங்களா உங்க பொண்ணு பேசறத?” டீச்சர் அம்மா பக்கம் திரும்பினார். “நீங்க பொதுக்கணிதத்துக்குச் சம்மதம்னு சொல்லுங்க. முடிஞ்சுது கதை.”

அம்மா டீச்சரைப் பார்த்தாள். கரும்பலகையில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்தாள். அவளுக்கு அவை ஒன்றும் சொல்லவில்லை. மகளின் முதுகைப் பார்த்தாள்.

“அவ மாட்டேங்கறாளே மேடம்,” என்றாள் மெல்ல. பிறகு, நாக்கு ஒட்டிக்கொள்ளாததில் அவளுக்கே ஆச்சரியம்போலக் கொஞ்சம் சத்தமாக, “அவ மாட்டேன்னா நானும் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

டீச்சர் உதட்டைச் சுழித்துக்கொண்டார். “உங்க வகுப்பு, உங்க தலைவலி. என்ன சொல்றீங்க சார்?”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஃபெயிலாக நிறைய வாய்ப்பு இருக்கு, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“திங்கக்கிழமை வா. கடைசி பெஞ்சுல மட்டும்தான் இடம் இருக்கு.”

“முதல் பெஞ்சு வேணும் சார்.”

“ஏம்மா, கண்ணு சரியாத் தெரியாதா?”

“கண்ணு நல்லாத் தெரியும் சார். கணக்குதான் தெரியாது.”

முதலில் சிரித்தது பெரியவள்தான்.