மண்டோர் கூட்டிய மிளகாய்த் தோட்டம்

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த தேவதாஸ், வேலையை விட்டுப் பதினெட்டு வருடமாகிறது. வேலை அவரை விடவில்லை. அசாம் ஜாவா கிராமத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மிளகாய்த் தோட்டத்தைத் தினமும் காலை ஆறு மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஆள் வரப்போகிற மாதிரி, கூட்டுவார். கூட்டிய இலையை எரித்த பிறகுதான் காப்பி.

இலை கொட்டுவது மிளகாய் வரிசைகளுக்கு நடுவே நிற்கும் பன்னிரண்டு கிளைரிசிடியா மரங்கள். எஸ்டேட்டில் கொக்கோவுக்கு நிழல் கொடுத்த இனம். கொக்கோவை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்டபோது, புல்டோசர் வருவதற்கு முதல் நாள், அவரும் மனைவி குமுதாவும் கொம்பு கொம்பாக வெட்டி சைக்கிளில் கட்டி வந்து நட்டார்கள். அவர்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். எஸ்டேட் என்று மிச்சம் இந்த மரங்கள்தான்.

மிளகாய் போட்டு மூன்று வருடம்; மூன்று வருடமும் செடி வெளிறியே நின்றது. விவசாய ஆலோசகர் என்று அட்டை அடித்து வைத்திருந்த முகுந்தன் வந்தார். சேறு படாத பூட்ஸ். குனிந்து மண்ணைத் தொடாமலே, மரங்கள் சத்தை உறிஞ்சுகின்றன, வெட்டுங்கள் என்றார். தோட்டம் சுத்தமாக இருப்பதைப் பாராட்டவும் செய்தார். மண்டோருக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. சனிக்கிழமை மரம் வெட்ட ஆள் சொல்லியாயிற்று.

வெள்ளிக்கிழமை மிளகாய் பறிக்கப் போன குமுதா அவரைக் கூப்பிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விளக்கமாறு நுழையாத சந்தில், நாலு செடி இடுப்பளவு கரும்பச்சையாக நின்றன. அடியில் கணுக்கால் ஆழத்துக்கு மக்கிய இலை. கிளறினால் கறுத்த மண், மண்புழு.

"மரம் சோறு போடுது. நீங்கதான் தெனமும் வாரிக்கிட்டுப் போயி கொளுத்துறீங்க."

"எல கெடந்தா தொர ஏசுவாருல்ல" என்றார் மண்டோர், யோசிக்காமல்.

"தொர செத்து முப்பது வருசமாச்சு லா. அதுவும் அவரு ஏசுனது லயத்து வாசலுக்கு. கொக்கோக் காட்ட யாரு கூட்டுனா?"

யாரும் கூட்டியதில்லை. மழை விட்டதும் அந்தக் காட்டுக்குள் இலை மெத்தையில் கால் புதைய நடந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மரம் வெட்டுகிறவனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றார். தரையெல்லாம் இலை. குமுதா காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.