லான்னியின் இடது கன்னம்

கார்வெல் ஊருக்கும் டன்மோர் ஊருக்கும் நடுவே ஓர் ஆறும், ஆற்றின் மேல் ஒரு இரும்புப் பாலமும், அறுபது வருடப் பகையும் இருந்தன. பகை பேஸ்பாலில் மட்டும்தான். டன்மோர்க்காரர்கள் கார்வெலில் பெண் எடுப்பார்கள், பல் பிடுங்கிக்கொள்வார்கள், சவப்பெட்டிகூட இங்கே வந்துதான் வாங்குவார்கள். ஆனால் ஜூலையில் இரண்டு அணிகளுக்கும் நாலு ஆட்டத் தொடர் வந்துவிட்டால் சம்பந்திகளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

தொடர் தொடங்கும் வெள்ளிக்கிழமை காலை 'கார்வெல் கூரியர்' பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு முன்னோட்டம் வரும். அதை எழுதுவது மேவிஸ் ப்ரூக்கர். ஐம்பத்தேழு வயது. கூரியரின் விளையாட்டுப் பகுதி என்பதே அவளும் அவளுடைய தட்டச்சு இயந்திரமும்தான். யார் யார் எறிகிறார்கள், யார் அடிக்கிறார்கள், யாருக்கு முழங்கால் வலி என்று எல்லாம் அதில் இருக்கும். ஆனால் மேவிஸுக்குப் பெருமை வேறு இடத்தில். "நம்பரை எந்தக் கழுதையும் எழுதிடும். நான் ஆளை எழுதறேன்" என்பாள். அந்தப் பெருமையில்தான் பதினோரு வருடங்களுக்கு முன் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள்: எந்த ஊர் அணி வந்தாலும், அவர்கள் உடை மாற்றும் அறைக்கு அச்சகத்திலிருந்தே இருபத்தைந்து பிரதிகள் கொண்ட கட்டு ஒன்று போய்விட வேண்டும். தன் எழுத்தை எதிராளியும் படிக்கட்டுமே என்ற ஆசை. அந்த ஆசை எந்த எழுத்தாளருக்கு இல்லை?

இந்தத் தடவை அவள் எழுத வேண்டிய ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான். சின்ன லீக் ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் சாப்பிட மிஞ்சாது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். மேவிஸ் வீட்டு மாடி அறையில் இருந்தவன் லான்னி ஸ்டோக்ஸ். இடது கைப் பிட்சர், அதாவது பந்து எறிகிறவன். ஆர்கன்சாஸ் பக்கம். இருபத்தாறு வயது, மற்ற பையன்கள் எல்லாம் இருபதைத் தாண்டாத அந்த லீக்கில் அவன் தாத்தா மாதிரி.

லான்னியின் வேகப்பந்து ஒன்றும் பிரமாதமான வேகம் இல்லை. அவன் சோறு அவனுடைய மெதுப்பந்தில் இருந்தது. அதே கை வீச்சு, அதே ஆவேசம், பந்து மட்டும் ஆற அமர வரும். பேட்டர் வேகப்பந்து என்று நினைத்து முன்னாலேயே சுழற்றிவிட்டு அசடு வழிவான்.

சனிக்கிழமை ஆட்டத்தில் லான்னி எறிய வேண்டும். அன்று அவனைப் பார்க்கவே, கார்வெல் அணியை வைத்து நடத்தும் தலைமை அணியிலிருந்து ஒருவர் வருகிறார். மேல் லீக்கில் ஓர் இடது கைப் பிட்சருக்கு முழங்கை போய்விட்டது. லான்னி நன்றாக எறிந்தால் திங்கட்கிழமை மேலே போவான். இல்லையென்றால் புதிதாக எடுத்த பையன்களுக்கு இடம் வேண்டும், இவனை அனுப்பிவிடுவார்கள். ஐந்து வருட உழைப்புக்கு ஒரே ஒரு சனிக்கிழமை.

வியாழக்கிழமை மேவிஸ் மனசார உட்கார்ந்து எழுதினாள். அந்த வரிகள் இவை:

"மென்மையாகச் செய்ய வேண்டிய காரியம் எதுவானாலும் லான்னி ஸ்டோக்ஸின் நாக்கு உள்ளிருந்து இடது கன்னத்தை முட்டும். பான்கேக்கைத் திருப்பிப் போடும்போது பார்த்திருக்கிறேன். தூங்குகிற பூனையைத் தூக்கி நகர்த்தும்போது பார்த்திருக்கிறேன். மெதுப்பந்துக்காக விரல்களைப் பதிக்கும்போதும் பார்த்திருக்கிறேன். வேகப்பந்துக்கு அந்த முகம் வெறும் கல். வேகப்பந்து அவருக்கு வேலை, மெதுப்பந்து பிரியம்."

எழுதி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கியது. அதற்குமேல் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லான்னி சமையலறை மேசையில் பேப்பரை விரித்துப் படித்தான். படித்த இடத்தையே திரும்பப் படித்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மேவிஸ். நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

"என்னைப் பத்தி இந்த மாதிரி யாருமே எழுதினதில்ல மேவிஸம்மா" என்றான். எழுந்து வந்து அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு மாடிக்குப் போனான்.

மதியம் மேவிஸ் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. கார் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பழைய மெத்தையின் மீது லான்னி பந்து எறிந்துகொண்டிருந்தான். நாளைக்கு எறியப்போகிறவன் இன்றைக்குக் கையை ஓய்வாக வைத்திருப்பான். மேவிஸுக்கு அது அதிசயமாக இருந்தது.

"என்னப்பா, நாளைக்கு கை வேணாமா?"

"சும்மாதான். உடம்பு சூடாகட்டும்னு" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனாள். கார்வெல் அணியின் மேனேஜர் ஆர்லோ விட் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். பேட்டருக்குப் பின்னால் குந்தி, எறியும் பந்தைப் பிடிக்கிற கேட்சராக முப்பது வருடம் இருந்து விரல் எல்லாம் கோணிப்போன மனிதர். மேசையில் கூரியர் விரிந்திருந்தது. மூன்று வரிகளுக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு.

"கதவைச் சாத்து மேவிஸ்."

சாத்தினாள்.

"நாலு மாசமா தினம் அவன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கேன். எனக்கு இது தெரியாது. எங்க கேட்சருக்குத் தெரியாது. இந்த லீக்ல ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதை எங்கிட்ட வந்து சொல்லாம ஊருக்கே தண்டோரா போட்டிருக்க."

மேவிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பந்து வரப்போகிறது என்று எறிவதற்கு முன்பே பேட்டருக்குத் தெரிந்தால் பிட்சர் செத்தான். முப்பத்தோரு வருடம் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவளுக்கு இது தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எழுதும்போது அவள் பார்த்தது பான்கேக் திருப்புகிற லான்னியை.

"அவங்களுக்கு இன்னும் பேப்பர் போயிருக்காது... நான் போய்..."

"போ. போய்ப் பாரு" என்றார் ஆர்லோ.

மேவிஸ் ஓட்டமும் நடையுமாக டன்மோர் அணியின் அறைக்குப் போனாள். வாசலில் பேப்பர் கட்டைக் கட்டியிருந்த கயிறு மட்டும் கிடந்தது. கதவைத் தட்டியதும் அவர்களுடைய கேட்சர் கார்பிட் எட்டிப் பார்த்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம்.

"வாங்க வாங்க மேவிஸம்மா! நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பதான் உங்களைப் பத்திப் பேசிட்டு இருந்தோம்."

"அந்தப் பேப்பர் கட்டு... அதுல ஒரு தப்பு இருக்கு. திருப்பிக் கொடுத்தீங்கன்னா..."

"தப்பா? அய்யோ, சும்மா சொல்லக்கூடாது, அருமையா எழுதியிருக்கீங்க. எங்க பசங்க சோடா பாட்டில் மேல இருக்கறதக்கூடப் படிக்க மாட்டானுங்க. இன்னைக்கு உக்காந்து ரெண்டு தடவ படிச்சிருக்கானுங்கன்னா பாத்துக்கோங்க."

அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் ஒன்றாக இடது கன்னத்தை உப்பிக் காட்டினார்கள். பிறகு ஒரே சிரிப்பு. மேவிஸ் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

ஆர்லோவின் அறைக்கே திரும்பி வந்தாள். "நாளைக்கு வேற யாரையாவது எறிய விடு ஆர்லோ. ஞாயித்துக்கிழமை அவனை வச்சுக்கலாம்."

"பாக்க வர்றவரு சனிக்கிழமை சாயங்காலமே பிளேன் ஏர்றாரு."

"அப்போ மெதுப்பந்து போட வேணாம்னு சொல்லு."

"அதை எடுத்துட்டா அவன்கிட்ட வேற என்ன இருக்கு?"

"அவன்கிட்டயே சொல்லிடறேன். நாக்கை அடக்கிக்கோன்னு."

ஆர்லோ கூடாது என்று தலையை ஆட்டினார். "நாளைக்கு எறியப்போறவன்கிட்ட போய் உன் மூஞ்சிய கவனின்னு சொல்லுவியா? சொன்னேன்னு வையி, அவன் மூஞ்சிய மட்டும்தான் கவனிப்பான். பந்து பார்வையாளர் மேல போய் விழும். அவன் முன்னோட்டத்தைப் படிச்சானா?"

"படிச்சான். சந்தோஷப்பட்டான்."

"அப்போ அவனுக்கும் உறைக்கல. நல்லது. அப்படியே இருக்கட்டும். நீ வாயத் திறக்காத." பேப்பரை மடித்து வைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலை லான்னிக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். எறியும் நாளில் பிட்சரிடம் யாரும் பேசுவதில்லை. அவனாகப் பேசினால்தான் உண்டு. அந்த வழக்கம் அன்றைக்கு அவளுக்குச் சௌகரியமாகவும் இருந்தது, நரகமாகவும் இருந்தது. எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் காப்பியைக் குடித்து உள்ளே தள்ளினாள். அவன் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "வரேன் மேவிஸம்மா" என்று கிளம்பினான்.

இரண்டு மணிக்கு ஆட்டம். பத்திரிகைக்காரர்களுக்கான கூண்டில் அவள் தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். கேட்சருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான்.

லான்னி பந்து எறியும் மேட்டில் ஏறினான். கண்ணாடியில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது. தாடை இறுகி இருந்தது. முதல் மெதுப்பந்து பேட்டருக்கு நாலடி முன்னால் மண்ணில் விழுந்தது. இரண்டாவதும் மண்ணில். அவன் கன்னம் தட்டையாகவே இருந்தது. இவனுக்கு என்ன ஆயிற்று என்று மேவிஸுக்குப் புரியவில்லை. ஒருத்தனும் மட்டையை அசைக்கவில்லை. எறிந்ததெல்லாம் வீண் பந்து. நாலு வீண் பந்து எறிந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்; இரண்டு பேர் ஓடாமல் நடந்தே பேஸுக்குப் போனார்கள்.

பிறகு லான்னி பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். தாடை தளர்ந்தது. நாக்கு கன்னத்தை முட்டியது, பூனையைத் தூக்குகிறவனைப் போல.

"வேணாம்டா" என்று மேவிஸ் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த வானொலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பந்து அழகாக வந்தது. இந்த வருடம் அவன் எறிந்ததிலேயே நல்ல மெதுப்பந்து அதுதான் என்று அவள் சத்தியம் செய்வாள். அடிக்க நின்ற கார்பிட் அவசரப்படவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல அது வந்து சேரும்வரை காத்திருந்தான். அடித்த அடியில் பந்து தகர வேலியைத் தாண்டி, அதற்கப்பால் இருந்த மரக்கடைக் கூரையில் போய் விழுந்தது. டன்மோர் பெஞ்சில் அத்தனை பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

மூன்றாவது இன்னிங்ஸில் டன்மோருக்கு எட்டு, கார்வெலுக்கு ஒன்று. வைக்கோல் தொப்பிக்காரர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினார். அடுத்த தடவை மேவிஸ் பார்த்தபோது அந்த இருக்கை காலியாக இருந்தது. ஆர்லோ மேட்டுக்கு நடந்து போய் லான்னியிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். அவன் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

ஞாயிறு காலை மேவிஸ் கீழே வந்தபோது லான்னி அடுப்படியில் நின்று பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் பெட்டி கதவோரம் இருந்தது. பதினொரு மணிக்கு பஸ். அணியில் இனி இடமில்லை என்று ஆர்லோ நேற்றே அவனிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அவள் உட்காரவில்லை. "லான்னி, நான் ஒண்ணு சொல்லணும். நேத்து நடந்ததுக்கு நான்தான் காரணம். நான் எழுதின அந்த..."

"தெரியும் மேவிஸம்மா."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை காலைலயே தெரியும். நீங்க பக்கத்துல நின்னுட்டு எப்படி இருக்குன்னு கேட்டீங்களே, அப்பவே." கரண்டியால் பான்கேக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். "எனக்கே அப்படி ஒரு பழக்கம் இருக்கறது தெரியாது. அன்னைக்கு மத்தியானம் பூரா மெத்தை மேல எறிஞ்சு பாத்தேன், நாக்கை அடக்கி. அடக்கினா பந்து வரல. நாக்கை விட்டாத்தான் வருது. நேத்தும் முதல்ல அடக்கித்தான் பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா! ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே!"

"சொல்லி என்ன பண்றது? பேப்பர் ஊருக்கே போயாச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க ஆட்டம் பாக்கவே வந்திருக்க மாட்டீங்க." அடுப்பைத் தணித்தான். "எனக்கு வேண்டியவங்கன்னு இங்க நீங்க ஒருத்தர்தானே."

ஒருவரைப் பிரியமாகப் பார்ப்பது இப்படி ஒரு கேடாக முடியும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட அவன் இடம் வைக்கவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமைப் பேப்பர் இன்னும் இருக்கா?" என்று லான்னி கேட்டான். "ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு தங்கச்சிக்கு. எங்கிட்ட இருக்கறதை நான் வச்சுக்கறேன்."

"அதை எதுக்குடா கொண்டு போற?"

"அஞ்சு வருஷம் இந்த ஆட்டத்துல என்ன பண்ணினேன்னு கேப்பாங்க இல்ல. வேற என்னத்தக் காட்டறது?"

மேவிஸ் அலமாரியிலிருந்து இரண்டு பிரதிகளை எடுத்தாள். திரும்பி வந்தபோது அவன் கடைசிப் பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். நாக்கு இடது கன்னத்தை முட்டியது. அவன் அதை அடக்கவில்லை. அவள்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.