ஒப்புக்கு ஒரு கொட்டேஷன்

வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். நாற்பதைத் தொடப் போகிறாள், சொந்தமாகப் பட்டறை வைத்து ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரங்கள் செய்து விற்கிறாள், இருந்தும் அந்தப் பெயர் மாறவில்லை. பெரியவள் என்பது அவளுடைய அக்கா. அக்காவின் கணவர் பெரிய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் அதிகாரி. திருகாணி முதல் அடுப்பு வரை அங்கே எது உள்ளே வருவதென்றாலும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆனாலும் இத்தனை வருடங்களில் சின்னவள் அவரிடம் ஆர்டர் என்று வாய் திறந்ததில்லை. உறவைச் சொல்லி வியாபாரம் பிடிப்பது அவளுக்குக் கூச்சம்.

இந்த முறை அழைத்தது அத்தான்தான். பழைய வெட்டும் இயந்திரம் அடிக்கடி படுத்துக்கொள்கிறது, புதிது வாங்கப் போகிறோம், நீயும் ஒரு கொட்டேஷன் கொடு என்றார். அவள் பிடி கொடுக்காமல் பேசி ஃபோனை வைத்தாள். மறுநாள் அக்காவே பட்டறைக்கு வந்துவிட்டாள். கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே, இவ்வளவு நல்ல மெஷினைச் செய்து இந்த மூலையில் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும், அவர் இருக்கும்போது உனக்கு என்ன பயம் என்று கேட்டாள். சின்னவளுக்கு மனம் இளகிவிட்டது.

அத்தான் அவளை வீட்டுக்கு வரச் சொல்லிப் பாடமே எடுத்தார். வாங்கப் போகிறவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் மூன்று விதமான பயம் என்றார். முதலாளி வாயால் விலையைக் கேட்பார், ஆனால் உள்ளுக்குள் அவர் கவலையெல்லாம் ரொட்டி நேரத்துக்குப் போகாவிட்டால் கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான். கணக்கு அதிகாரிக்கு நாளை யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு உத்தரவாதப் பத்திரம் வேண்டும். மேற்பார்வையாளர் சரியான முசுடு. புது இயந்திரம் வந்தால் தன் ஆட்கள் முன்னால் தானும் ஒன்றும் தெரியாமல் நிற்க வேண்டியிருக்குமே என்பது அவருடைய கலக்கம்.

"மூணு பேர்கிட்டயும் ஒரே கதையைச் சொன்னா எடுபடாதும்மா. அவங்கவங்களுக்கு எங்க உறுத்துதோ, அங்க தடவிக் கொடுக்கணும்" என்றார்.

இவ்வளவு உள்விஷயத்தை மனிதர் சொல்கிறாரே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்னபடியே செய்தாள். முதலாளிக்கு, பிளேடு உடைந்தால் தன் ஆளே வந்து உடனே மாற்றிக் கொடுப்பான் என்று வாக்குக் கொடுத்தாள். கணக்கு அதிகாரிக்கு உத்தரவாதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சோதனைக்காக ஒரு இயந்திரத்தைத் தொழிற்சாலையில் இறக்கியபோது, ஆட்கள் வருவதற்கு முன்பே மேற்பார்வையாளருக்கு மட்டும் தனியாகக் கற்றுக் கொடுத்தாள். வேலை தொடங்கியதும் அவர் தன் ஆட்களுக்கு அதை விளக்கிய தோரணையைப் பார்த்தால், இயந்திரத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று தோன்றும். வெட்டும்போது உதிரும் தூள் தரையில் கொட்டாமல் இருக்க அடியில் இழுக்கிற மாதிரி ஒரு தட்டும் வைத்திருந்தாள். அதைக் குனிந்து பார்த்து, "இது நல்ல யோசனை" என்று சொன்னார் முதலாளி. கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரிதான் என்று அத்தான் வாசல் வரை வந்து வழியனுப்பினார். வேறு இரண்டு சின்ன ஆர்டர்களை அவள் தள்ளிப் போட்டுவிட்டாள்.

ஒரு நாள் பிளேடுகளைச் சாணை பிடித்துக் கொடுக்கப் போனபோது, அவளுடைய இயந்திரத்துக்குச் சற்றுத் தள்ளிப் பழைய தார்ப்பாய் ஒன்று விலகிக் கிடந்தது. அதன் அடியில் தரையோடு தரையாகப் புதுக் கான்கிரீட் மேடை, நான்கு மூலையிலும் தடிமனான போல்ட்டுகள். நன்றாகக் காய்ந்து இறுகிய மேடை. ரப்பர் கால்களில் நிற்கிற அவள் இயந்திரத்துக்குப் போல்ட்டே தேவையில்லை. இது எதற்கு என்று மேற்பார்வையாளரைக் கேட்டாள். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றார். "பெரிய கம்பெனி மெஷினுக்குங்க. நீங்க முதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு. விலையிலதான் இழுத்துட்டிருந்தாங்க. உங்க மெஷின் ஓடுறதைக் காட்டினதும் இறங்கி வந்துட்டாங்க. அந்தத் தூள் தட்டுகூட வச்சுத் தர்றதா ஒத்துக்கிட்டாங்க."

தெரியாமல் பேசிவிட்டோமோ என்று அவர் வருத்தப்பட்டது நிஜம். அவள் பிளேடுகளை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

அத்தானின் அறைக்குப் போனாள். அவர் எதையும் மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. மூன்று கொட்டேஷன் இருந்தால்தான் முதலாளி கையெழுத்துப் போடுவார், அதில் ஒன்றாவது அந்தக் கம்பெனியைப் பயமுறுத்துகிற மாதிரி இருக்க வேண்டியிருந்தது, அதனால்தான் உன்னைத் தயார் பண்ணினேன் என்றார். அவளைப் பாராட்டுவது போலத்தான் சொன்னார்.

"உன் மெஷின் மட்டம்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா அவங்க மெஷின் நின்னுபோச்சுன்னா கம்பெனியைத் திட்டுவாங்க. உன் மெஷின் நின்னுபோச்சுன்னா என்னைத் திட்டுவாங்க. கொழுந்தியாளுக்குக் கொடுத்தான்னு பேசுவாங்க. என் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவ?"

"முன்னாடியே சொல்லியிருப்பேன் அத்தான்" என்றாள் அவள்.

மூன்று பேருடைய பயத்தையும் விலாவாரியாக எடுத்துச் சொன்னவர் நான்காவதாகத் தன்னுடைய பயத்தைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எதை வாங்குவது என்ற முடிவே அந்தப் பயத்தில்தான் எடுக்கப்பட்டிருந்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். சொல்லி அழ அவளுக்கு வேறு ஆள் இல்லை. அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பாதி சொல்வதற்குள், "மெதுவா நானே பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அந்த சூப்பர்வைசர் உளறிட்டாரா" என்று முணுமுணுத்தாள்.

சின்னவள் குறுக்கிட்டாள். "உனக்கும் தெரியுமா?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "தெரியும்டி. சொன்னா நீ மெஷினை இறக்கியிருப்பியா? இதைச் சரியா முடிச்சாதான் அவருக்குப் பதவி உயர்வுன்னாங்க. உனக்கு என்ன நஷ்டம், மெஷின் திரும்பி வந்துடும்ல?"

பட்டறைக்கு வந்து அவ்வளவு அக்கறையாகப் பேசினாயே, அதெல்லாம் என்ன என்று கேட்க நினைத்தாள்.  கேட்காமலே கிளம்பிவிட்டாள்.

இயந்திரத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தாள். தள்ளிப் போட்ட இரண்டு ஆர்டர்களில் ஒன்று கைவிட்டுப் போயிருந்தது. தொழிற்சாலையில் புது இயந்திரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதென்று கேள்விப்பட்டாள். அது கெட்டுப்போக வேண்டும் என்று சில நாட்கள் ஆசைப்பட்டதும் உண்மை. அத்தானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சில மாதங்கள் கழித்து, பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கு ஒரு கொட்டேஷன் வேண்டும் என்று அவர் ஒன்றுமே நடக்காதது போல ஃபோன் செய்தார்.

"ஏற்கெனவே யாருக்குன்னு முடிவு பண்ணியாச்சா அத்தான்?"

அவர் சிரித்தார்.  என்னால் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்காவோடு பேச்சு அறுந்துபோகவில்லை. அப்பாவை மருத்துவமனைக்கு முறை வைத்துக் கூட்டிப் போக வேண்டியிருந்ததால் வாரம் ஒருமுறையாவது பேசியாக வேண்டும். ஒரு நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அப்பாவுக்காகக் காத்திருந்தபோது, அக்கா அவள் பக்கம் திரும்பி, "ஏன்டி இப்படி இளைச்சுட்ட? நேரத்துக்குச் சாப்பிடறியா?" என்று கேட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இதை எதற்காகக் கேட்கிறாள் என்று சின்னவள் யோசித்தாள். அப்படி யோசிக்கிறோமே என்று தெரிந்ததும் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லித் தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்தாள்.