மூன்று பை அஸ்கி

ஒரு மனிதனின் இரத்தம் மூவாயிரத்து நானூறு ரூபாய். பைக்குத்தான் அந்த விலை. உள்ளே இருப்பது இனாம். தேங்காய் இனாம், சாக்குக்குத்தான் காசு என்று கல்முனைச் சந்தையில் யாராவது சொல்லிப் பார்க்கட்டும், சாக்கைத் தலையில் கவிழ்த்து அடிப்பார்கள். றஊப் மட்டும் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லி, பொத்துவில் வரைக்கும் வியாபாரம் செய்தான்.

அவன் விற்றது மூன்று அறைப் பைகளும், அவற்றைச் சுழற்றிப் பிரிக்கிற மெசினும். சுழற்றினால் சிவப்பு கீழே இறங்கும், மஞ்சள் மேலே நிற்கும். அந்த மஞ்சளை இன்னொரு தரம் சுழற்றினால் பிளாஸ்மா வேறு, பிளேட்லட் வேறு. "ஒராள் தாறார், மூண்டு பேர் பிழைக்கிற. கழிவே இல்லாத யாவாரம், சேர்" என்பான். கல்முனையில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முகாமையாளர் ஷரிபுதீன் அதைக் கேட்டுவிட்டு, "வாயால பிரிச்சது போதும். ஒரு ரெத்ததான முகாம் வெச்சுக் காட்டு, பிறகு விலை கதைப்பம்" என்றார்.

முகாமில் முதலாவதாகக் கை நீட்டியவன் அஸ்கி. மருதமுனையில் ஆட்டோ ஓட்டுபவன், றஊபோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஊசி ஏறும்போதும் வாய் ஓயவில்லை.

"மூண்டாப் பிரிக்கிறண்டா மூண்டு பக்கட் பிஸ்கட் தரணும்டா. ஒண்டத் தந்து ஏமாத்தாத."

மூன்றாம் நாள் பெரியநீலாவணையில் ஒரு பஸ் அவனுடைய ஆட்டோவை அடித்தது. ஊர் வந்து சேர முதலே உயிர் போய் மவுத்தானான்.

பள்ளிவாசலில், மையத்தை அடக்க முந்திய ஜனாஸாத் தொழுகைக்கு முன், அஸ்கியின் மாமா எழுந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "மையத்தோட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தா இப்பவே சொல்லுங்க. நாங்க பொறுப்பு."

இந்தக் கேள்விக்குக் கடன் கொடுத்தவன்தான் பதில் சொல்வான். பெரும்பாலும் அவனும் சொல்லமாட்டான். யாவாரி வீட்டில் பிறந்த றஊபின் காதுக்குக் கொடுக்கல் என்றால் வாங்கலும் சேர்த்துத்தான். அழுது வீங்கிய முகத்தோடு அவன் சொன்னான்: "மையத்துக்கு நான் தரணும். அவன்ட மூண்டு பை என்னட்ட இரிக்கி."

அந்தச் சொல் மையத்து வீட்டுக்கு றஊபுக்கு முதலே போய்ச் சேர்ந்தது.

அஸ்கியின் உம்மா பாத்தும்மா வீடு வீடாகக் கைத்தறிச் சாரன் விற்பவள். அவளிடம் பத்து ரூபாய் குறைத்தவன் மருதமுனையில் இல்லை. மறுநாள் றஊபைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள்.

"என்ட மகன முழுசாத் தரல்லயா நீங்க? மூண்டு பையையும் கொண்டா. கபுறுல அவனோட வெக்கணும்."

"மாமி, சிவப்புப் பை முடிஞ்சிது. ஒரு பொம்புளைக்குப் பிள்ளப்பேத்தில ஏத்தியாச்சி. பிளாஸ்மா ஐசில இரிக்கி. பிளேட்லட் மட்டும்..."

"இரிக்கிற ரெண்டையும் கொண்டா. இல்லாட்டிப் பள்ளிக்கு வந்து கேப்பன்."

விசயம் காதுக்குப் போனதும் ஷரிபுதீன் றஊபைப் பிடித்துக்கொண்டார். "பை உன்னட்ட இரிக்கெண்டு யாருடா உன்னச் சொல்லச் சொன்ன? அந்த மனிசி பள்ளியில வாய் திறந்தா இந்த ஊரில ஒருத்தனும் கை நீட்டமாட்டான். மேல வாட்டில டெங்குக்காரப் புள்ளைக்கு அந்தப் பிளேட்லட் பை வேணும். நாளையோட அது பழுது. அவ மனசால 'ஓம்' எண்டு சொல்ல வை. இல்லாட்டி உன்ட மெசினக் கட்டிக்கொண்டு போ."

றஊப் பாத்தும்மாவை ஆஸ்பத்திரியின் இரத்த அறைக்குக் கூட்டிவந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேல் கஞ்சித்தண்ணி நிறத்தில் ஒரு பை. வேறு பை இல்லை. ஆளில்லாத ஏணைத் தொட்டில் ஆடுவதைப் போலிருந்தது. றஊப் பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"ஏன் ஆட்டுற?"

"ஆட்டாட்டி செத்துப்போயிரும், மாமி" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"அப்ப இது சாகல்லயா?"

இரத்த அறையில் வேலை செய்யும் நஸ்லா பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே மெல்லச் சரித்தாள். உள்ளே பட்டு நூல் புரண்டதுபோல் ஒரு மினுக்கம் ஓடி மறைந்தது. "இப்பிடி மினுங்கினா உசிரோட இரிக்கி, உம்மா."

பாத்தும்மா பையை வாங்கி இரண்டு கையாலும் பொத்தினாள். மையத்தைத் தொட்டபோது சில்லிட்டிருந்தது. இது சில்லிடவில்லை.

"அப்ப நாங்க அடக்கினது யார?" என்று கேட்டாள்.

வெறும் தட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருக்கு இது?"

"நாவிதன்வெளியில ஒரு வயல்காரர்ட மகள். பல்லு முரசால ரெத்தம் வருது."

"தாய் இரிக்காளா?"

"வெளிய வாங்கில இரிக்கிறா."

கண்ணாடிக்கு அப்பால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்தபடி ஒருத்தி குந்தியிருந்தாள். பாத்தும்மா நெடுநேரம் அவளைப் பார்த்தாள். பிறகு அவளுடைய குரலில் சாரன் விற்கும் கண்டிப்பு வந்தது.

"இத ஏத்துங்க. ஐசில உள்ளது எனக்கு. புதைக்கவும் வேணா, ஒருத்தருக்கும் குடுக்கவும் வேணா. எவ்வளவு காலம் இரிக்கும்?"

"ஒரு வருசம். ஆனா மாமி, அது நம்மட கையில..."

"கையடி" என்று வாக்குக்கு உள்ளங்கையை நீட்டினாள்.

தன்னுடையதல்லாத சரக்குக்கு றஊப் ஒருநாளும் கையடித்ததில்லை. மேலே அந்தப் பிள்ளை. கீழே மெசின். அடித்தான்.

பிள்ளை பிழைத்தது. மெசின் விலைப்பட்டது. ஊரில் அடுத்த முகாமுக்கும் ஆட்கள் வந்தார்கள், பாத்தும்மாதான் அனுப்பினாள். றஊபுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. கடையில் பேரம் பேசும்போது உள்ளங்கை அந்தத் தட்டைப் போலத் தானாகச் சாய்ந்து நிமிர்ந்து சாய்கிறது. பின்னால் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் விலையை மறந்துவிடுகிறான்.

வெள்ளிதோறும் ஜும்மா முடிந்ததும் பாத்தும்மாவின் தொலைபேசி அழைப்பு வரும். "இரிக்கானா?"

"ஓம், மாமி."

"அங்க அவனுக்குக் குளிராதா?"

"இல்ல, மாமி."

மழை தொடங்கிய வாரம் தீக்காயத்தோடு வீடு கட்டுகிற மேசன் ஒருவன் வந்தான். அவனுக்குப் பொருந்திய பிளாஸ்மா அஸ்கியுடையது ஒன்றுதான். றஊபிடம் யாரும் கேட்காமலே ஏற்றிவிட்டார்கள். கேட்க அவன் யார்? நஸ்லா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். மேசன் தப்பிவிட்டான். அந்த வெள்ளிக்கிழமையும் அழைப்பு வந்தது.

"இரிக்கானா?"

கை சாய்ந்தது, நிமிர்ந்தது.

"ஓம், மாமி."

அஸ்கி தந்தது மூன்று பை. பிள்ளைப்பேற்றுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, தீக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக் கணக்கில் மீதி பூச்சியம். பாத்தும்மாவின் கணக்கில் மீதி ஒன்று. அந்த ஒன்று றஊபின் பேரில் நிற்கிறது.